மூன்றாவது நோ பால்

போன மாதம் புதிய அம்பயர்களுக்கான வகுப்பு ஒன்றில் பேச என்னைக் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்றவன் தலையில் மைசூர்ப் பேட்டாத் தலைப்பாகையை வைத்து, தோளில் சால்வையைப் போர்த்தி, கையில் மைக்கைக் கொடுத்து, மேடையிலிருந்து சீக்கிரமே இறக்கிவிடுவது இங்கே வழக்கம்தான். நானும் எல்.பி.டபிள்யூ., வைடு, வெளிச்சம் என்று பொதுவாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து கன்னடத்தில் கேட்டாள்: ஆளைக் குறிவைத்து பவுன்சர் போடும் பவுலரைச் சட்டப்படி நிறுத்தி, 'இனி நீ போடக்கூடாது' என்று நீங்கள் எப்போதாவது அனுப்பியிருக்கிறீர்களா?

"ஒருத்தனை," என்றேன். "ஆனால் அனுப்புவதற்குள் மேட்ச் முடிந்துவிட்டது."

எல்லோரும் சிரித்தார்கள். டீ வந்தது. கூட்டம் கலைந்தது. அந்தப் பெண் மட்டும் டம்ளரோடு வந்து, "அப்புறம் என்ன ஆயிற்று?" என்றாள். ஏதோ சமாளித்துவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

அன்றிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். "ஏங்க, ஒரு எடத்துல உக்காருங்க. தரை தேஞ்சா ஹவுஸ் ஓனர் நம்மளத்தான் கேப்பாரு," என்கிறாள் என் மனைவி. உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன், எழுந்தால் நடக்கிறேன். எழுதியாவது பார்க்கலாம் என்றுதான் இது.

நான் அம்பயர் ஆன கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. பிழைப்புக்கு ஃபாக்டரி, ஞாயிறு வந்தால் கிரிக்கெட். பேட்டிங் வரவில்லை, பவுலிங் அதைவிட மோசம். வெயிலில் நிற்கத் தெரியும், வாயை மூடத் தெரியும். அது போதும் என்று பரீட்சை எழுதினேன், பாஸானேன். அதற்கப்புறம் கற்றுக்கொண்டதெல்லாம் ஷாமராயர் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டதுதான்.

ஷாமராயர் எங்கள் ஊர் அம்பயர்களில் மூத்தவர். ஒல்லியான மனிதர். வெள்ளைக் கோட்டின் எல்லாப் பொத்தான்களையும் போட்டுக்கொண்டுதான் மைதானத்துக்குள் கால் வைப்பார். அப்போது எங்கள் லீக் மேட்ச்கள் புல் பிட்சில் நடக்காது. இறுக்கமான மண் தரைமேல் தேங்காய் நார் மேட்டை விரித்து, சுற்றிலும் ஆணி அடித்து அதன்மேல் ஆடுவோம். மேட் தளர்ந்திருந்தால் பந்து வழுக்கிக்கொண்டு முழங்காலுக்கு வரும். விறைப்பாக இழுத்து அடித்துவிட்டால் அதே பந்து மூக்குக்கு எகிறும். ஆகையால் மேட்டை யார் இழுக்கிறார்கள் என்பது டாஸை விடப் பெரிய விஷயம். கேப்டன்கள் இருவரும் ஆளுக்கொரு முனையில் கடப்பாரை பிடிக்க வேண்டும், அம்பயர்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். அது எழுதாத சட்டம். ஆணி அடித்து முடிந்ததும் ஷாமராயர் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு ஒரு ஸ்டம்பிலிருந்து மறு ஸ்டம்புக்கு மெதுவாக நடப்பார். எங்கேயாவது நின்று கட்டை விரலால் அழுத்துவார். அடியில் சிறு கல் இருந்தாலும் அந்த விரல் கண்டுபிடித்துவிடும். எடுக்கச் சொல்வார். யார் போட்டது என்று கேட்க மாட்டார்.

பவுன்சர் விஷயத்திலும் அவர் வழி அதுதான். தன் சர்வீஸில் ஒரு பவுலரைக்கூட அவர் சட்டப்படி எச்சரித்ததில்லை. எவனாவது ஆளைப் பார்த்துப் போட ஆரம்பித்தால் இவர் ஆட்டத்தை நிறுத்தி ஷூ லேஸைக் கட்டுவார். நிமிர்ந்து, கேப்டன் பக்கத்தில் போய், தண்ணீர் கிடைக்குமா என்பார். தண்ணீர் வருவதற்குள் இரண்டு வார்த்தை சொல்வார். அவ்வளவுதான், அடுத்த பந்து ஒழுங்காக வரும். "கையை நீட்டி நோ பால்னு கத்தினா, அது பவுலர் தோத்தது இல்லை. நாம தோத்தது," என்று கன்னடத்தில் சொல்வார். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு. சட்டம் என்று ஒன்று எதற்கு எழுதி வைத்திருக்கிறான்? ஷூ லேஸ் கட்டவா? ஆனால் அவர் முன்னால் வாய் திறந்ததில்லை.

அந்தச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். வேகமாகவும் குட்டையாகவும் குத்தி எழும்பும் பந்தைப் போட்டு ஒரு பேட்ஸ்மேனை மிரட்டுகிறான் என்று அம்பயருக்குத் தோன்றினால் நோ பால் கூப்பிட வேண்டும். பவுலரை எச்சரித்து, அவன் கேப்டனுக்கும் பேட்ஸ்மேன்களுக்கும் மற்ற அம்பயருக்கும் சொல்ல வேண்டும். மறுபடி போட்டால் மறுபடி நோ பால், கடைசி எச்சரிக்கை. மூன்றாவது முறை போட்டால் நோ பாலோடு பவுலரையும் எடுத்துவிட வேண்டும், மேலே ரிப்போர்ட் எழுத வேண்டும். இப்போது எச்சரிக்கை ஒன்றாகக் குறைந்துவிட்டது. அப்போது இரண்டு. இதில் வம்பு எங்கே என்றால், எதிரே நிற்பவனின் திறமையை வைத்து முடிவெடு என்கிறது சட்டம். முதல் ஆட்டக்காரனுக்குப் போட்டால் வீரம், கடைசி ஆட்டக்காரனுக்கு அதையே போட்டால் குற்றம். இவனுக்கு ஆட வருமா, வராதா என்று நடு மைதானத்தில் நின்று நான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

லீக் ஃபைனல். ஒரு பக்கம் அக்ரஹாரத்துப் பையன்கள் கிளப். இன்னொரு பக்கம் தேவராஜ மார்க்கெட்டைச் சுற்றியிருந்த கடைக்காரர்களும் கூலிக்காரர்களும் சேர்ந்து நடத்திய கிளப். பவுலர் எண்டிலும் ஸ்கொயர் லெக்கிலும் மாறி மாறி நானும் ஷாமராயரும்.

மார்க்கெட் கிளப்பின் வேகப் பந்து வீச்சாளன் மாதேஷ். தமிழ்நாட்டு எல்லையோரத்துக் கோபிநத்தத்திலிருந்து பிழைக்க வந்த தமிழ்க் குடும்பம், எங்கள் வட்டாரத்தில்தான் குடியிருந்தார்கள். மார்க்கெட்டில் வாழைத்தார் இறக்குகிற வேலை. தார் தூக்கித் தூக்கி இறுகிய தோள். பந்து அந்தக் கையிலிருந்து கிளம்பினால் பாதி பேருக்குக் கண்ணுக்கே தெரியாது. அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நிரந்தர வேலை இல்லாமல் பெண்ணைக் கொடுக்க மாட்டோம் என்று பெண் வீட்டில் சொல்லிவிட்டார்கள். கிரிக்கெட் ஆடுகிறவர்களுக்கு வேலை கொடுக்கும் ஒரு கம்பெனியின் விளையாட்டு அதிகாரி அந்த ஃபைனலைப் பார்க்க வருகிறார், மாதேஷைத்தான் பார்க்க வருகிறார் என்பது எங்கள் தெரு முழுக்கத் தெரியும். அன்று காலை தண்ணிக் குழாயடியில் அவன் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்கண்ணா, இன்னைக்கு நீங்கதான் அம்பயராமா? பய்யனக் கொஞ்சம் பாத்துக்குங்க."

"அவன் பந்து போடட்டும், நான் பாக்கறேன்," என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். குடம் தளும்பிச் சட்டையெல்லாம் ஈரம். கிளம்பும்போதே எரிச்சல்.

மார்க்கெட் கிளப்பின் கேப்டன் லோகி. நல்ல ஆட்டக்காரன், நல்ல வாய். பாடிலைன் கதையெல்லாம் அவனுக்கு மனப்பாடம். உடம்பைக் குறிவைத்து, லெக் சைடில் ஆட்களைக் குவித்து, ஆஸ்திரேலியாக்காரர்களை இங்கிலாந்துக்காரர்கள் அடித்த கதை. மேற்கிந்தியத் தீவுகளில் நம் ஆட்டக்காரர்கள் அடிபட்டு, இன்னிங்ஸையே பாதியில் முடித்துக்கொண்டு வந்த கதை. "அவங்க பண்ணினா சரித்திரம், நாங்க பண்ணினா ரவுடித்தனமா சார்?" என்று ஒருமுறை என்னிடமே கேட்டான். பதில் சொல்லத் தெரியாமல் இல்லை. சொன்னால் நிறுத்த மாட்டான் என்பதால் சொல்லவில்லை.

டீ இடைவேளையில் மேட்டை மறுபடி இழுக்க வேண்டும் என்றான் லோகி. தளர்ந்துதான் இருந்தது. அக்ரஹாரத்துக் கேப்டனும் ஒரு முனையில் கடப்பாரை பிடித்தான். ஷாமராயர் நடந்து பார்த்து, சரி என்றார். எல்லாம் முறைப்படிதான் நடந்தது. ஆனால் மேட் மத்தளம் மாதிரி விறைத்துவிட்டது. அதற்கப்புறம் மாதேஷ் போட்ட பந்துகளில் பல மார்புக்கு மேலே போயின. மளமளவென்று விக்கெட் விழுந்தது. வெற்றி பெற மிகக் கொஞ்ச ரன்னே பாக்கி இருக்கும்போது அக்ரஹாரத்தின் கடைசி ஆட்டக்காரன் உள்ளே வந்தான்.

சம்பத். மேல்கோட்டையைப் பூர்வீகமாகக் கொண்ட ஐயங்கார் வீட்டுப் பையன், லெக் ஸ்பின் போடுபவன். சோடாப் புட்டிக் கண்ணாடி. பேட்டைப் பிடித்துக்கொண்டு வருவதைப் பார்த்தால் யாரோ கொடுத்து அனுப்பியதைத் திருப்பிக் கொடுக்க வருகிறவன் மாதிரி இருக்கும். அப்போது எங்கள் ஊர்க் கிளப்புகளில் கிட் பைக்கு ஒரு நல்ல ஹெல்மெட் இருந்தால் அதிகம். யார் ஸ்ட்ரைக்கில் இருக்கிறானோ அவன் தலையில் அது இருக்கும். ஒரு ரன் ஓடினால் பிட்ச் நடுவில் நின்று கழற்றி மற்றவனுக்குக் கொடுப்பார்கள். அம்பயர் காத்திருப்பார். யாரும் அதை வித்தியாசமாக நினைத்ததில்லை.

மாதேஷ் ஓவர் ஆரம்பித்தான். நான் பவுலர் எண்ட், ஷாமராயர் ஸ்கொயர் லெக். நிலைத்து ஆடிக்கொண்டிருந்தவன் முதல் பந்தைத் தட்டிவிட்டு ஒரு ரன் ஓடினான். ஜெயிக்க இன்னும் மூன்று. சம்பத் ஸ்ட்ரைக்குக்கு வந்தான். ஹெல்மெட் கை மாறியது. சம்பத்தின் கண்ணாடி உள்ளே போகாமல் முரண்டு பிடித்தது. கழற்றினான், துடைத்தான், மறுபடி மாட்டினான்.

லோகி கத்தினான்: "சார், டைம் வேஸ்ட்! மாப்பிள்ளை அலங்காரம் முடிஞ்சுதா?"

நான் கையைக் காட்டி நிறுத்தினேன். கிடைத்த நேரத்தில் லோகி ஆட்களை நகர்த்தினான். சட்டம் அனுமதிக்கிற வரைக்கும் லெக் சைடில் சம்பத்தைச் சுற்றி நிறுத்தினான். அவன் எங்கே போடச் சொல்லியிருக்கிறான் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஷாமராயர் வழியை முயற்சி செய்து பார்த்தேன். திரும்பி நடந்த மாதேஷிடம், "டேய், ஸ்டம்புக்குப் போடு. ஒரு யார்க்கர் போட்டா முடிஞ்சுது," என்றேன். அவன் தலையாட்டினான்.

பந்து பாதிப் பிட்சில் குத்தி, சம்பத்தின் காது பக்கமாகப் போனது. அவன் குனியக்கூட இல்லை. அது வந்ததே அவனுக்குத் தெரியவில்லை. விக்கெட் கீப்பர் எட்டிப் பிடித்த பிறகுதான் தலையைத் திருப்பினான்.

"நோ பால்!" என்று கையை நீட்டினேன். என் சர்வீஸில் இதற்காக நீட்டியது அதுதான் முதல் தடவை. மாதேஷைக் கூப்பிட்டு, "இது முதல் எச்சரிக்கை. தலைக்குப் போடாதே," என்றேன், தமிழில். வேறு எந்தப் பாஷையில் அவனிடம் பேசுவேன்? அவன் சின்னப் பையனாக இருந்ததிலிருந்து அவனிடம் தமிழில்தான் பேசியிருக்கிறேன்.

லோகி ஓடி வந்தான். "ஏன் சார், தமிழல்லி குசுகுசு?" தமிழில் என்ன ரகசியம் என்கிறான்.

திரும்பக் கன்னடத்தில் முழுவதும் சொன்னேன். பேட்ஸ்மேன்களிடம் சொன்னேன். ஷாமராயரைப் பார்த்துக் கையைக் காட்டினேன். அவர் அசையவில்லை. நான் சொன்னதை ஏற்றுக்கொண்டாரா இல்லையா என்று அந்தத் தூரத்தில் தெரியவில்லை. ஜெயிக்க இன்னும் இரண்டு.

அடுத்த பந்து அதைவிட வேகம், நேராக நெஞ்சுக்கு மேலே. சம்பத் பேட்டை முகத்துக்கு முன்னால் தூக்கிக் கண்ணை மூடினான். பந்து ஹெல்மெட்டின் கம்பியில் பட்டு கீழே விழுந்தது. நான் கூப்பிட்டுவிட்டேன். இரண்டாவது நோ பால். ஸ்கோர் சமம். ஜெயிக்க ஒரு ரன்.

சம்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் லெக் சைடில் நின்ற ஒருத்தன், "அம்பயர் அம்மா, புள்ளைக்குப் பால் கொடுங்க," என்று கன்னடத்தில் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். சம்பத்தின் முகம் சிவந்தது. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு போய் ஷாமராயரின் காலடியில் வைத்துவிட்டு வெறுந்தலையோடு திரும்பி வந்தான்.

"தம்பி, போட்டுக்கோ," என்றேன்.

"வேண்டாம் சார். கண்ணு தெரியமாட்டேங்கறது."

"பந்து தெரியலைன்னா பரவாயில்லை, தலை இருக்கணும்."

"என் தலையை நான் பாத்துக்கறேன். நீங்க உங்க வேலையைப் பாருங்கோ."

ஹெல்மெட் இருக்கிறதா இல்லையா என்பதைக் கணக்கில் எடுக்கக்கூடாது, பந்து ஆபத்தானதா என்று மட்டும் பார் என்பதுதான் முறை. அதெல்லாம் காகிதத்தில் சரி. வெறுந்தலை எதிரே நிற்கும்போது காகிதம் எங்கே ஞாபகம் வருகிறது ஐயா.

மாதேஷையும் லோகியையும் சேர்த்து நிறுத்தினேன். இந்தத் தடவை முதலில் கன்னடத்தில் சொன்னேன். இது கடைசி எச்சரிக்கை. இன்னொன்று போட்டால் நோ பால், பவுலரும் வெளியே. நோ பால் என்றால் ஒரு ரன், ஒரு ரன் என்றால் மேட்ச் முடிந்தது. புரிகிறதா?

லோகி சிரித்தான். மாதேஷ் தோளில் கையைப் போட்டு, எனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னான்: "ஃபைனலை நோ பால் கூப்பிட்டு முடிக்கற அம்பயர் இன்னும் பிறக்கலை. அந்தத் தைரியம் யாருக்கும் கிடையாது. மூக்குக்குப் போடு. அவன் பேட்டைத் தூக்குவான், பந்து ஷார்ட் லெக்குக்குக் கேட்சா வரும். கோப்பையும் நமக்கு, வேலையும் உனக்கு." சொல்லிவிட்டு, மரத்தடியில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்த கம்பெனி அதிகாரியைக் கண்ணால் காட்டினான்.

லோகி நகர்ந்ததும் மாதேஷ் என் பக்கம் திரும்பினான். வேர்வை வழிந்தது. சத்தமில்லாமல் கேட்டான்.

"அண்ணா, அவரு மூக்குக்குப் போடுங்கறாருங்க. நீங்க வேண்டாங்கறீங்க. நான் யாரு பேச்சைங்கண்ணா கேக்கறது?"

இன்றைக்கும் இதை எழுதும்போது எழுந்து நடந்துவிட்டு வந்துதான் உட்கார்ந்தேன். என்ன சொல்லியிருக்க வேண்டும்? லோகி சொன்னபடி போடு என்றால் ஓர் ஆள் சாகலாம். போடாதே என்றால், அவன் பவுலிங்குக்கு வழி சொல்லிக்கொடுத்து, எதிராளியைக் காப்பாற்றி, நம்ம ஆளுக்கு வேலை வாங்கிக் கொடுத்த அம்பயர் ஆவேன். முதல் பவுன்சருக்கு முன்னால் யார்க்கர் போடு என்று நானே வாயை விட்டிருந்தேன். லோகி அங்கிருந்து பார்த்துக்கொண்டே நின்றான்.

"மேல போட்டா கூப்பிடுவேன்டா. மேட்ச் போனாலும் கூப்பிடுவேன். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

அவன் பந்தைத் துடைத்துக்கொண்டே பின்னால் நடந்தான். ஓட ஆரம்பிப்பதற்கு முன் ஒருமுறை மரத்தடியைப் பார்த்தான்.

பந்து குத்தியதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. பந்து எழும்பிக்கொண்டிருக்கும்போதே என் வாய் திறந்துவிட்டது, கை நீண்டுவிட்டது. சம்பத் இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் கொண்டுபோனான். பந்து கிளவுஸில் பட்டு, கண்ணாடியைத் தட்டிவிட்டு மேலே போனது. ஷார்ட் லெக்கில் நின்றவன் பாய்ந்து பிடித்தான். மார்க்கெட் கிளப் முழுக்கத் துள்ளிக் குதித்தது. பட்டாசு வெடித்தது. அதே நேரம் மறுபக்கத்தில் அக்ரஹாரத்துப் பையன்கள் என் கையைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடி வந்தார்கள். இரண்டு கட்சியும் ஒரே பிட்சில் ஜெயித்துக் குதித்ததை நான் அன்று ஒரு நாள்தான் பார்த்தேன். நடுவில் நான் கையை நீட்டியபடி நின்றேன். இறக்க முடியவில்லை, மரத்துப் போயிருந்தது.

சம்பத் தரையில் தடவிக்கொண்டிருந்தான், கண்ணாடியைத் தேடி. நெற்றியில் சிறு கீறல், அவ்வளவுதான். தெய்வம் காப்பாற்றியது.

அடுத்து நடந்ததுதான் கூத்து. சட்டப்படி கேப்டனைக் கூப்பிட்டு, இந்தப் பவுலரை எடுத்துவிடு என்று நான் சொல்ல வேண்டும். கூப்பிட்டேன். சொன்னேன். எடுத்துவிடப் பந்தே பாக்கி இல்லை. லோகி என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"கடைசி மூணு ரன்னும் உங்க வாய் அடிச்சது சார். கோப்பையை நீங்களே வாங்கிக்கோங்க."

மாதேஷ் பந்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். வேலி ஓரத்தில் அவன் அம்மா நின்றதைப் பார்த்தேன். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். மரத்தடி நாற்காலி காலியாக இருந்தது.

சம்பத் உடைந்த கண்ணாடியோடு என்னிடம் வந்தான். நன்றி சொல்ல வருகிறான் என்றுதான் நினைத்தேன்.

"நான் ஒங்களைக் காப்பாத்தச் சொன்னேனா? ஒரு ரன் சார். அடிச்சிருப்பேன், இல்லை அவுட் ஆகியிருப்பேன். இப்போ ஊரே என்னை நோ பால் சம்பத்னு கூப்பிடப் போறது."

அப்படித்தான் கூப்பிட்டார்கள். வெகுநாள் கூப்பிட்டார்கள். அவன் பேட்டிங் தெரியாதவன் என்று மூன்று தடவை மைதானத்தின் நடுவில் நின்று கத்தியவன் நான்தானே. அவன் கோபம் எனக்கு அன்று புரியவில்லை. பைத்தியக்காரன், உயிர் பிழைத்ததற்குச் சண்டை போடுகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அம்பயர் அறைக்குள் வந்து ஷாமராயர் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

"கூப்பிட்டது சரி," என்றார் கன்னடத்தில். கோட்டை மடித்தார். "நானா இருந்தா அந்தப் பந்தை வர விட்டிருக்க மாட்டேன்."

"எப்படி சார்? ஷூ லேஸ் கட்டியா?" என்று கேட்டுவிட்டேன். இத்தனை வருஷத்தில் அவரிடம் குரல் உயர்த்தியது அன்றுதான்.

அவர் கோபிக்கவில்லை. "கட்டியிருப்பேன். தண்ணி கேட்டிருப்பேன். ஹெல்மெட்டை எடுத்து நானே அவன் தலையில மாட்டியிருப்பேன். அதுக்குள்ள ஒருத்தனுக்காவது புத்தி வந்திருக்கும்." மடித்த கோட்டைப் பைக்குள் வைத்தார். "வந்திருக்காமலும் போயிருக்கலாம். ரிப்போர்ட்டை எழுது, கையெழுத்துப் போடறேன்."

எழுதினேன். பவுலரின் பெயரோடு, போடச் சொன்ன கேப்டனின் பெயரையும் எழுதினேன். கமிட்டி பவுலரைக் கூப்பிட்டுக் கண்டித்தது. கேப்டனைப் பற்றிய வரியை யாரும் பேசவில்லை. சட்டத்தில் பவுலருக்குத்தான் தண்டனை இருக்கிறது, சொல்லிக் கொடுத்தவனுக்கு இல்லை.

அந்த வாரம் எனக்குத் தூக்கம் இல்லை. மாதேஷின் வேலையில் மண்ணைப் போட்டுவிட்டேன், கல்யாணமும் நின்றுவிடும். தலையைக் காப்பாற்றியது சரி, இவன் வயிற்றுப்பாட்டை என்ன செய்வது? தண்ணிக் குழாயடிக்கு என் மனைவியை அனுப்பிவிட்டு நான் பதுங்கினேன். முடியாமல் ஒரு நாள் மார்க்கெட்டுக்கே போனேன். என்ன சொல்வது என்று தெரியாது, முகத்தையாவது பார்க்கலாம் என்று. வாழைத்தார் மண்டியில் அவன் இல்லை. அவனோடு தார் இறக்குகிற ஆள் ஒருத்தர் பீடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

"தெரியாதுங்களாண்ணா? மாதேஷுக்கு வேலை கெடச்சிருச்சுங்க. கம்பெனில பர்மனென்டு."

"எந்தக் கம்பெனி?"

"அன்னைக்கு வந்தாருங்கள்ல, அந்த ஆபீசருதானுங்க. அம்பயரையே அலற வெச்சவன், இவனைத்தான் நம்ம டீமுக்கு எடுக்கோணும்னு அன்னைக்கே சொல்லிட்டுப் போயிட்டாராமுங்க. எல்லாம் உங்க புண்ணியமுங்க."

நான் சிரித்தேன். சிரிக்கத்தான் செய்தேன். மனசிலிருந்து பெரிய பாரம் இறங்கியது, கல்யாணம் நடக்கும் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. மார்க்கெட் வாசலுக்கு வருவதற்குள் அந்தச் சந்தோஷம் எங்கேயோ போய்விட்டது. எந்தப் பந்துக்காக அவனை நிறுத்தினேனோ அந்தப் பந்துக்காகவே அவனை எடுத்திருக்கிறார்கள். நான் கையை நீட்டியது எச்சரிக்கை என்று நினைத்திருந்தேன். பார்த்தவர்களுக்கு அது சிபாரிசாகத் தெரிந்திருக்கிறது.

கல்யாணத்துக்குப் போனேன். மாதேஷ் காலில் விழுந்தான். அவன் அம்மா என் இலையில் இரண்டாம் தடவை பாயசம் ஊற்றினார். அதையும் குடித்தேன்.

அடுத்த சீசன் தொடக்கத்தில் கம்பெனி அணியின் முதல் மேட்ச், நான் அம்பயர். எதிரணியில் முதல் ஆட்டக்காரனே புதுப் பையன், காலேஜில் படிப்பவன். மாதேஷ் புது யூனிஃபார்மில், புது ஷூவில், தொப்பியையும் ஸ்வெட்டரையும் கழற்றி என் கையில் கொடுத்தான். முன்பெல்லாம் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டான். அன்று நேராகப் பார்த்தான். அவனிடம் கோபமோ கிண்டலோ இல்லை. வேலைக்குப் போகிறவன் மேஸ்திரியிடம் கேட்கிற மாதிரித்தான் கேட்டான்.

"அண்ணா, இன்னைக்குத் தலைக்கு எத்தனை விடுவீங்க?"

"ஒண்ணுகூட இல்லடா," என்றேன்.

அவன் சிரித்தான். "அப்ப வழக்கம்போல வார்னிங்கோட ரெண்டுங்கண்ணா," என்று சொல்லிவிட்டு, பந்தைப் பேன்ட்டில் தேய்த்துக்கொண்டே பின்னால் நடந்து போனான்.